கேள்விக்குறி தொலைந்த இடம்

என் சித்தப்பாவுக்கு வயிற்றில் கேன்சர் இல்லை. எண்டோஸ்கோபி செய்து, துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பி, வெறும் அல்சர்தான் என்று ரிப்போர்ட் வந்து, பதினாலு நாள் மாத்திரைக் கோர்ஸ் முடித்து, இப்போது பழையபடி வத்தக்குழம்பில் அப்பளம் நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிறார். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் அவர் வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் அவருக்கு இன்றுவரை கேன்சர்தான்.

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் ஓ.பி. சீட்டை நானே பார்த்தேன். டாக்டர் கையெழுத்தில் ‘? சிஏ ஸ்டமக்’, அதாவது வயிற்றில் கேன்சராக இருக்குமோ. நம்மூர் டாக்டர்கள் கேள்விக்குறியை முன்னால் போட்டுவிட்டுத்தான் நோயின் பெயரை எழுதுவார்கள். பார்க்கச் சின்னக் கொக்கி மாதிரி இருக்கும். அந்தச் சீட்டை வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண் கொக்கியை விட்டுவிட்டாள். நோயின் பெயரைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு ஒரு பட்டியல் வந்திருக்கும். அந்தப் பட்டியலில் கேள்விக்குறி இருந்திருக்காது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினோரு வருஷமாக நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அமெரிக்காவுக்கு.

மெடிக்கல் கோடிங் என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும். பயோகெமிஸ்ட்ரியோ, நர்சிங்கோ, பிசியோதெரபியோ படித்த பிள்ளை இருக்கிற வீட்டில் யாராவது ஒருவர் அதில் இருப்பார். அமெரிக்க ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதியதை இங்கே சென்னையில் உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கோடு, அதாவது எழுத்தும் எண்ணுமான ஒரு குறியீடு, போட வேண்டும். அந்தக் கோடு இன்ஷூரன்ஸுக்குப் போகும், பணம் வரும். நான் சேர்ந்த 2014இல் ஐ.சி.டி-9 என்ற பழைய புத்தகம். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐ.சி.டி-10க்கு மாறியது. சுமார் 14,000ஆக இருந்த நோய்க் கோடுகள் ஒரே இரவில் 69,000 பக்கம் போயின. அந்த மாதம் எங்கள் ஃப்ளோரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

இன்ஷூரன்ஸ் பில்லுக்காக நாங்கள் போட்ட அந்தக் கோடுகளையே பின்னால் ஆராய்ச்சியாளர்கள் எடுத்து, இத்தனை லட்சம் பேரில் இத்தனை பேருக்குப் புற்றுநோய் என்று எண்ணுகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த நாளன்று கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. நாங்கள் கோடு போடுகிற விதிகள் என்னவென்று அவர்களுக்குத் தெரியுமா என்றுதான் முதலில் தோன்றியது.

ஒரு சார்ட்டை, அதாவது நோயாளியின் ஃபைலை, காட்டுகிறேன். உண்மையான யாருடையதும் அல்ல, பல சார்ட்டுகளைக் கலந்து நானே செய்தது. அறுபத்தெட்டு வயதுக்காரர், புகைப்பவர், இருமல், எடை குறைவு. சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு கட்டி. டாக்டர் எழுதுகிறார்: ‘ப்ராபபிள் லங் கேன்சர்’. இதை அவர் தன் கிளினிக்கில் வைத்து எழுதியிருந்தால், நான் புற்றுநோய்க் கோடு போடக்கூடாது. வெளிநோயாளிக்கான விதி அப்படி: சந்தேகத்தைக் கோடாக்காதே, தெரிந்த மட்டும் எழுது. ஆகவே ஸ்கேனில் ஏதோ வித்தியாசமாகத் தெரிகிறது என்று சொல்லும் ஆர் 91.8 மாதிரி ஒன்றைப் போடுவேன். அதே மனிதர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருந்து, பயாப்ஸிக்கு வேறு ஊர் போகிறேன் என்று டிஸ்சார்ஜ் ஆகிறார், டிஸ்சார்ஜ் சம்மரியில் அதே டாக்டர் அதே சொல்லை எழுதுகிறார் என்று வையுங்கள். இப்போது விதி தலைகீழ். உள்நோயாளியாக இருந்து போகும்போது ‘ப்ராபபிள்’, ‘சஸ்பெக்டட்’, ‘பாஸிபிள்’ என்று எழுதியிருந்தால், நோய் இருப்பதாகவே வைத்துக் கோடு போட வேண்டும். சி 34.91. வலது நுரையீரல் புற்றுநோய்.

இதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. இருக்கலாம் என்ற சந்தேகத்தில் படுக்க வைத்த நோயாளிக்கும், இருக்கிறது என்று உறுதியான நோயாளிக்கும் ஆஸ்பத்திரி கிட்டத்தட்ட ஒரே டெஸ்ட், ஒரே செலவுதான் செய்கிறது. பணமும் அதற்கேற்பக் கிடைக்கட்டும் என்பது விதியின் நியாயம். பில்லுக்கு அது சரி. ஆனால் ஐந்து வருஷம் கழித்து அந்த சி 34.91ஐ டேட்டாபேஸில் பார்ப்பவருக்கு, அதற்குப் பின்னால் ஒரு ‘ப்ராபபிள்’ நின்றது எங்கே தெரியப்போகிறது?

புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் எல்லோரும் விழுகிற குழி இன்னொன்று உண்டு. கட்டிகளுக்கு டி 48, டி 49 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகைக் கோடுகள். டி 48இன் பெயரில் ‘அன்சர்ட்டன் பிஹேவியர்’ என்று வரும். மச்சம் ஒன்றை வெட்டி லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, அதனால் ‘அன்சர்ட்டன்’தானே என்று பிள்ளை டி 48ஐப் போட்டுவிடும். தப்பு. அந்த ‘அன்சர்ட்டன்’ நம்முடைய சந்தேகம் இல்லை. பேதாலஜிஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இந்தச் செல்கள் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை என்று கைவிரித்தால் மட்டும் போடுவது. ரிப்போர்ட் வராததற்கு டி 49. இரண்டும் ஒரே திரையில், ஒரு க்ளிக் தூரத்தில். ட்ரெயினிங்கில் இதை நான் சொல்லிக் கொடுத்த பேட்சுகளிலேயே மாதக் கணக்கில் இந்தப் பிழை வந்துகொண்டிருந்தது.

தமிழில் இந்த விஷயத்தை நாம் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறோம் என்று பாருங்கள். ‘கேன்சராத்தான் இருக்கும்’ வேறு, ‘கேன்சரா இருக்கலாம்’ வேறு, ‘கேன்சரா இருக்குமோ’ வேறு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற யாருக்கும் இந்த மூன்றுக்கும் உள்ள தூரம் தெரியும். ‘இருக்குமோ’ என்று சொன்னவரிடம் காபி வாங்கி வரச் சொல்வோம். ‘இருக்கும்’ என்று சொன்னவரைப் பிடித்துக்கொண்டு அழுவோம். அமெரிக்க டாக்டர்களின் ஆங்கிலத்திலும் அந்தப் படிகள் உண்டு. கோடில்தான் கிடையாது.

அங்கே இந்தப் படிகளை மதிக்கிற ஓர் இடம் இருக்கிறது: புற்றுநோய்ப் பதிவகம். 1973இல் தொடங்கிய சீயர் என்ற அமெரிக்க அரசுத் திட்டமும் மாநிலப் பதிவகங்களும் பில்லை நம்பி எண்ணுவதில்லை. பயிற்சி பெற்ற பதிவாளர் ஒருவர் பேதாலஜி ரிப்போர்ட், ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு எல்லாம் படித்து, எங்கே தொடங்கியது, என்ன வகைச் செல், எந்த நிலை, எந்தத் தேதி என்று எழுதுவார். செல் வகைக்கான எண்ணில் கடைசியாக ஒரு சாய்கோடு போட்டு ஓர் இலக்கம் வரும். 3 என்றால் பரவும் புற்றுநோய், 2 என்றால் தோன்றிய இடத்தை விட்டு இறங்காதது, 1 என்றால் இன்னதென்று சொல்ல முடியாதது, 0 என்றால் சாதாரணக் கட்டி. எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் வைத்திருக்கும் சொல் பட்டியல். ‘ப்ராபபிள்’, ‘சஸ்பெக்டட்’, ‘மோஸ்ட் லைக்லி’, ‘கன்சிஸ்டன்ட் வித்’ என்று டாக்டர் எழுதினால் புற்றுநோயாகக் கணக்கில் எடு. ‘பாஸிபிள்’, ‘க்வெஸ்சனபிள்’, ‘சஜெஸ்ட்ஸ்’, ‘வொரிசம்’, ‘ரூல் அவுட்’ என்று எழுதினால் எடுக்காதே. யாரோ ஒருவர் உட்கார்ந்து ‘இருக்கும்’ ஒரு பக்கம், ‘இருக்குமோ’ ஒரு பக்கம் என்று கோடு கிழித்திருக்கிறார்.

இப்போது மேலே சொன்ன நுரையீரல்காரருக்கு வருவோம். டாக்டர் ‘பாஸிபிள்’ என்று எழுதியிருந்தால் உள்நோயாளி பில்லில் அவருக்குப் புற்றுநோய், வெளிநோயாளி பில்லில் இல்லை, பதிவகத்தில் இல்லை. ‘ப்ராபபிள்’ என்றால் உள்நோயாளி பில்லில் உண்டு, வெளிநோயாளி பில்லில் இல்லை, பதிவகத்தில் உண்டு. ஒரே நெஞ்சு, ஒரே கட்டி. இதில் யாரும் பிழை செய்யவில்லை, எல்லோரும் அவரவர் விதிப்படிதான் நடந்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பது அதுதான்.

முடிந்துபோன புற்றுநோய் வேறு கதை. 2009இல் மார்பில் கட்டி எடுத்து, கதிர்வீச்சும் முடித்து, பன்னிரண்டு வருஷமாக ஒன்றும் இல்லாமல் இருக்கிற ஒரு பாட்டியின் சார்ட். சிகிச்சையும் இல்லை, நோயும் இல்லை என்றால் இசட் 85.3, அதாவது ‘முன்பு இருந்தது’ என்று போட வேண்டும். ஆனால் டாக்டரின் பிராப்ளம் லிஸ்டில் ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்று ஒரு வரி 2009இலிருந்து குந்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விசிட்டிலும் காப்பி-பேஸ்ட் ஆகி வரும். சளிக்கு வந்தாலும் வரும், முழங்கால் வலிக்கு வந்தாலும் வரும். அதைப் பார்த்து ஒரு கோடர் மார்புப் புற்றுநோய்க்கான சி 50 போட்டுவிட்டால், பாட்டிக்குப் புற்றுநோய் திரும்பிவிட்டது, பேப்பரில்.

இதில் காசும் உண்டு. மெடிகேர் அட்வான்டேஜ் என்ற திட்டத்தில் நோயாளி எவ்வளவு சீக்காளியோ அதற்கேற்ப இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அரசு பணம் கூட்டித் தருகிறது. இப்போது இருக்கிற புற்றுநோய்க்குக் கூடுதல் பணம், முடிந்துபோனதற்கு இல்லை. ஆகவே பழைய புற்றுநோயை உயிரோடு வைத்திருக்க ஒரு பக்கம் இழுப்பு எப்போதும் இருக்கும். அமெரிக்க சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் இதை வருஷக் கணக்காகத் துருவிக்கொண்டிருக்கிறது. தப்பாக விழ அதிகம் வாய்ப்புள்ள கோடுகள் என்று அது 2023 டிசம்பரில் வெளியிட்ட கையேட்டில் மார்பு, நுரையீரல், பெருங்குடல், ப்ராஸ்டேட் நான்கும் இருக்கின்றன. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருநாள் பத்து சார்ட்டில் சி 50ஐ எடுத்துவிட்டு இசட் 85 போட்டேன். க்யூ.ஏ. என்ற தரச் சோதனையில் எனக்குப் பத்தும் எரர் என்று வந்தது. ரிபட்டல், அதாவது மறுப்பு, எழுதினேன், விதியின் பக்கத்தை வெட்டி ஒட்டினேன். ஆறு திரும்பக் கிடைத்தன. மீதி நாலில் நோயாளி இன்னும் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாராம். அது சிகிச்சையா, திரும்ப வராமல் தடுக்கவா என்று டாக்டர் எழுதவில்லை. டீம் லீடர் சொன்னார், “விடும்மா, அது கிரே ஏரியா.” சாக்குப்போக்கு என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது நினைக்கையில் அவர் சொன்னது சரிதான். ஐந்து வருஷம், பத்து வருஷம் அந்த மாத்திரை சாப்பிடுகிற பெண்ணிடம் உனக்கு நோய் இருக்கிறதா, இருந்ததா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

2020க்குப் பிறகு நான் பக்கம் மாறினேன். இப்போது என் வேலை கோடு போடுவதில்லை. போட்ட கோடு உண்மையா என்று பார்ப்பது. ஆராய்ச்சிக் குழு ஒன்று ‘இந்தக் கோடு இருப்பவர்கள்’ என்று ஒரு பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் சில நூறு பேரை எடுத்துத் தரும். நாங்கள் சார்ட்டை முதலிலிருந்து படித்து, நிஜமாகவே இருந்ததா, எப்போது கண்டுபிடித்தார்கள் என்று நிரப்புவோம். கோடு சொன்ன நூறு பேரில் எத்தனை பேருக்கு உண்மை என்பதுதான் அவர்கள் கேட்கிற எண். கோடு இல்லாதவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருந்தது என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஊரில் உள்ள எல்லோருடைய சார்ட்டையும் திறக்க வேண்டும். அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட கணக்கு ஒன்று. ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூறு பேருக்கு ஓர் அபூர்வப் புற்றுநோய். கோடர்கள் மகா கெட்டிக்காரர்கள், ஆயிரம் பேருக்கு ஒருமுறைதான் தப்பாகப் போடுவார்கள். அந்த ஒருமுறையே ஒரு லட்சத்தில் நூறு தப்பு. உண்மை நூறு, பொய் நூறு. பட்டியலைக் கையில் எடுத்தால் பாதிப் பேருக்கு நோயே இல்லை! க்யூ.ஏ.வில் 95 சதவீதம் எடுத்தால் கைதட்டுகிற தொழிலில் இருந்து வந்தவளுக்கு இது ஜீரணமாக நாளானது.

அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரே கோடை நம்புவதில்லை. உள்நோயாளிக் கோடு ஒன்று, இல்லையென்றால் முப்பது நாள் இடைவெளி விட்டு வெளிநோயாளிக் கோடு இரண்டு இருந்தால்தான் நோய் என்று வைப்பது பரவலான வழக்கம். சந்தேகத்தில் ஒருமுறை விழுந்தவர்கள் இதில் உதிர்ந்துவிடுவார்கள், நல்லதுதான். கூடவே இன்னொருவரும் உதிர்வார்: கணையத்தில் வந்து, கிளினிக்கில் ஒரே ஒருமுறை பார்த்து, மூன்றாம் வாரம் வீட்டில் இறந்தவர். அவருக்கு இரண்டாம் கோடு போட உடம்பு மிச்சமில்லை. அவரைப் போன்றவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கணையப் புற்றுநோய்க்காரர்கள் உண்மையைவிடக் கொஞ்சம் நீண்ட நாள் வாழ்வதாகத் தெரியும். இதேபோல இன்ஷூரன்ஸ் மாறி வந்த பழைய நோயாளி, புதிய கம்பெனியின் டேட்டாவில் நேற்று நோய் வந்தவர் மாதிரி இருப்பார். அதற்காக முதல் ஒரு வருஷத்தில் கோடு வருகிறதா என்று பார்த்து விலக்குவார்கள். ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

பிரிட்டனில் இன்ஷூரன்ஸ் பில் இல்லை, எனவே இந்தத் தலைவலி இல்லை என்று நினைத்திருந்தேன். அங்கே குடும்ப டாக்டர்களின் கம்ப்யூட்டர் பதிவுகளை 1987இலிருந்து ஆராய்ச்சிக்குச் சேர்க்கிறார்கள். லஃப்பரோவில் டாக்டராக இருந்த ஜேம்ஸ் ரீட் உருவாக்கிய ரீட் கோடுகளை 2018 வரை பயன்படுத்தினார்கள். புற்றுநோயைக் கண்டுபிடிப்பது பெரிய ஆஸ்பத்திரி. அங்கிருந்து கடிதம் வந்து, குடும்ப டாக்டரின் கிளினிக்கில் யாராவது அதைப் படித்துக் கோடாக மாற்றினால்தான் கணக்கில் வரும். கடிதம் ஸ்கேன் செய்யப்பட்டு அப்படியே கிடந்தால் வராது. பதிவகத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், இதில் இருப்பவர் சிலர் அதில் இல்லை, அதில் இருப்பவர் சிலர் இதில் இல்லை.

இதெல்லாம் டேட்டா ஆட்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை. அப்பா சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 2013 ஜூனில் மெடிக்கல் ஷாப்காரர், “இது இனிமே கிடையாது சார், கவர்ன்மென்ட் நிறுத்திட்டாங்க. மூத்திரப் பையில கேன்சர் வருதாம்” என்றார். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த மாதக் கடைசியில் அரசே தடையை நீக்கி, அட்டையில் எச்சரிக்கை போட்டு விற்கலாம் என்றது. பத்திரிகைகள் இரண்டு செய்தியையும் போட்டன. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை.

வருஷங்கள் கழித்து வேலைக்காக அந்தக் கட்டுரைகளைப் படித்தேன். பிரான்ஸ் 2011இல் அந்த மருந்தை நிறுத்தக் காரணமான ஆய்வு, சுமார் 15 லட்சம் சர்க்கரை நோயாளிகளின் இன்ஷூரன்ஸ் பதிவுகளை வைத்துச் செய்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 22 சதவீதம் அதிகம் என்றது. கலிஃபோர்னியாவில், இன்ஷூரன்ஸையும் ஆஸ்பத்திரிகளையும் சேர்த்தே நடத்தும் கைசர் பெர்மனென்டே செய்த ஆய்வு வேறு மாதிரி. அவர்களிடம் சொந்தமாகவே புற்றுநோய்ப் பதிவகம் இருந்தது, யாருக்கு வந்தது என்பதை அதிலிருந்து எடுத்தார்கள். அதன் 2011ஆம் ஆண்டு இடைக்கால முடிவும், இரண்டு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு 40 சதவீதம் அதிகம் என்றுதான் பயமுறுத்தியது. 1,93,099 பேரைத் தொடர்ந்து பார்த்து 2015இல் வந்த இறுதி முடிவில் வித்தியாசம் 6 சதவீதம். தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவு. 2016இல் அமெரிக்க மருந்துத் துறை மறுபடியும் ஆபத்து கூடலாம் என்றது. பதிவகம் நல்லது, பில் கெட்டது என்று இதை வைத்து நான் சொல்லிவிட மாட்டேன். மூத்திரப் பை அதற்கு இடம் தராத உறுப்பு. அங்கே மேலாகப் படர்ந்திருக்கும் கட்டியை பேதாலஜிஸ்ட் சாய்கோடு 2 என்பார், யூராலஜிஸ்ட் பேச்சுவாக்கில் ‘பிளாடர் கேன்சர்’ என்று எழுதுவார், கோடர் சி 67 போடுவார். சீயர் பதிவகமே மற்ற உறுப்புகளில் ஒதுக்கிவைக்கிற 2ஐ மூத்திரப் பையில் மட்டும் 3உடன் சேர்த்து எண்ணுகிறது. எதைக் கேன்சர் என்பது என்பதிலேயே இத்தனை பேச்சு இருக்கும்போது, அப்பாவின் தட்டில் சோறு ஆறிப்போனது எந்த எண்ணுக்காக என்று இன்றும் எனக்குத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

நம் பக்கத்துப் பதிவகம் இந்தக் கோடு வழிக்கு நேர் எதிர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னைப் பதிவகம் 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இயங்குகிறது. கோடு வந்து குவியும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், ஃபைலைப் புரட்டி, மாநகராட்சியின் இறப்புப் பதிவையும் பார்த்து எழுதிவந்தார்கள். அவர்களுடைய தலைவலி நம்முடைய பெயர்கள். எஸ். லட்சுமி ஓரிடத்தில், லட்சுமி சண்முகம் இன்னோரிடத்தில், மகாலட்சுமி மூன்றாம் இடத்தில். வயது ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, ‘சுமார் அறுபது’. மூன்று பேரா, ஒருவரா? முகவரியை வைத்து, கணவர் பெயரை வைத்துத் துப்பறிய வேண்டும்.

போன மாதம் சித்தப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நானும் கூடப் போயிருந்தேன். அட்மிஷன் கவுன்டரில் பிரின்ட் எடுத்துக் கொடுத்த தாளில் சர்க்கரை, பிரஷர், அதற்குக் கீழே ‘கே/சி/ஓ சிஏ ஸ்டமக்’. தெரிந்த கேன்சர் நோயாளி என்று அர்த்தம். கேள்விக்குறி போய், ‘நோன் கேஸ்’ வரை வளர்ந்துவிட்டது. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்து அந்த வரியை அழுத்தி அடித்துவிட்டு, “நீ இதத்தானம்மா பாக்குற? இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் சொல்லேன்” என்றார்.

கவுன்டர் பெண்ணிடம் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் காட்டினேன். படித்தாள். “மேடம், எனக்கு எடிட் ரைட்ஸ் இல்ல. டாக்டர் லாகின்லதான் எடுக்க முடியும், அவரும் இப்ப இங்க இல்ல” என்றாள். பிறகு, அடித்த தாள் ஃபைலில் இருந்தால் இன்ஷூரன்ஸில் கேள்வி கேட்பார்கள் என்று புதிதாக ஒன்று பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அதிலும் அதே வரி.